செக்குபந்தி இல்லாத 11:35

என் அப்பா பத்திர எழுத்தர். துறையூரில் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் ஓரத்தில் அவருக்கு ஒரு மேசையும் இரண்டு ஸ்டூலும். அமெரிக்க டிவி பற்றிய கட்டுரையில் அவர் எதற்கு வருகிறார் என்றால், 2010 ஜனவரியில், என்பிசி டிவியின் டுநைட் ஷோ என்ற இரவுப் பேச்சு நிகழ்ச்சியை நடத்திய கோனன் ஓ'பிரையனுக்கு என்ன நடந்தது என்பதை எனக்குப் புரியவைத்தவர் அவர்தான். கோனன் யாரென்று அவருக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது.

நான் அப்போது ஓஹையோவில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தேன். நான்கு பேர் ஒரு அபார்ட்மெண்ட். கேபிள் எடுக்கக் காசில்லை. சீனியர்கள் விட்டுப்போன, பின்பக்கம் பெருத்த ஒரு பழைய டிவி இருந்தது. 2009 ஜூன் 12ஆம் தேதியோடு பெரிய நிலையங்களின் அனலாக் ஒளிபரப்பை அங்கே நிறுத்திவிட்டார்கள். அதனால் பழைய டிவிக்கு ஒரு கன்வெர்ட்டர் பெட்டி வேண்டும். அதற்கு அரசாங்கமே 40 டாலர் கூப்பன் கொடுத்தது. அந்தக் கூப்பனில் வந்த பெட்டி, அதன் மேல் முயல்காது ஆண்டெனா. ஊரில் ஆண்டெனா திரும்பிக்கொண்டால் படத்தில் புள்ளி புள்ளியாக மழை பெய்யும், ஆனாலும் பேச்சாவது கேட்கும். டிஜிட்டலில் அந்தக் கருணை கிடையாது. வந்தால் கண்ணாடி மாதிரி வரும். இல்லையென்றால் பேசிக்கொண்டிருப்பவரின் முகம் சதுரம் சதுரமாக உடைந்து, வாய் பாதி திறந்தபடி நின்றுவிடும். என்பிசி மட்டும் சமையலறை ஜன்னலோரத்தில்தான் வரும். ஆகவே லேபிலிருந்து கடைசியாகத் திரும்பிச் சாப்பாட்டைச் சூடுபண்ணுகிறவன் ஆண்டெனாவையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது வீட்டுச் சட்டம்.

பெரும்பாலும் அது நான்தான். ரசம் கொதிக்கும்போது மணி 11:35 ஆகியிருக்கும்.

இந்த 11:35 என்பது என்ன கணக்கு என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. அது என்ன ஐந்து நிமிடம்? பிறகுதான் தெரிந்தது, அந்த ஊரில் என்பிசி, சிபிஎஸ் எல்லாம் நேரடியாக நம் வீட்டுக்கு வருவதில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு நிலையம் இருக்கும். பல ஊர்களில் அது வேறொரு முதலாளியுடையது. இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை நெட்வொர்க்கின், அதாவது என்பிசி போன்ற தேசியக் கம்பெனியின், நிகழ்ச்சி. பதினொன்றுக்கு உள்ளூர்ச் செய்தி. அந்தச் செய்தியில் வரும் விளம்பரக் காசு முழுக்க உள்ளூர் நிலையத்துக்கு. நாளைக்குப் பனி கொட்டுமா, பள்ளிக்கூடம் உண்டா என்று பார்க்க ஊரே அந்த நேரத்தில் உட்கார்ந்திருக்கும். செய்தி முடிந்ததும் டிவியை அணைக்கச் சோம்பல்பட்டு அப்படியே கிடப்பவர்கள்தான் அடுத்து வரும் சிரிப்புக்காரரின் பார்வையாளர்கள். அந்தச் செய்தியில் இன்னும் கொஞ்சம் விளம்பரம் போட இடம் வேண்டும் என்று நிலையங்கள் கேட்டதால்தான் 1991இல் 11:30, 11:35 ஆனது. அந்த ஐந்து நிமிடம், நிலையங்களுக்காக வரப்பை நகர்த்தியது.

வரப்பு என்று சும்மா சொல்லவில்லை.

இந்த நிலத்தை உழுது பண்படுத்தியவர் ஜானி கார்சன். அவருக்கு முன்னாலும் டுநைட் ஷோ இருந்தது. ஆனால் 1962 அக்டோபர் 1 முதல் 1992 மே 22 வரை முப்பது வருடம் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தது அவர்தான். அவருடைய எல்லை உணர்வுக்கு ஒரு கதை உண்டு. ஆரம்பத்தில் நிகழ்ச்சி இரவு 11:15க்கே தொடங்கும். ஆனால் பல நிலையங்கள் அரை மணி நேரச் செய்திக்கு மாறிவிட்டதால் 11:30க்குத்தான் வந்து சேர்ந்துகொள்ளும். கார்சன் மேடைக்கு வந்ததும் நின்றுகொண்டு சொல்லும் ஜோக்குகள், அதாவது மோனோலாக், அந்த முதல் கால் மணியில் போய்விடும். நாட்டில் பாதிப் பேருக்குக் கிடைக்காது. 1965இல் அவர் முடிவெடுத்தார்: 11:15க்கு நான் வரமாட்டேன். முதல் பதினைந்து நிமிடத்தை அவருடைய கூட்டாளி எட் மக்மேன் எப்படியோ பேசி ஒப்பேற்ற, கார்சன் 11:30க்குத்தான் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். ஓரிரு வருடத்தில் என்பிசி அந்தக் கால் மணியையே எடுத்துவிட்டது. பிறகு வந்த ஒப்பந்தத்தில் நிகழ்ச்சி மட்டுமல்ல, தனக்கு அடுத்து நள்ளிரவு 12:30க்கு வரும் நேரமும் அவர் கைக்குள் வந்தது. 1982 பிப்ரவரியில் அந்த நேரத்தில் 'லேட் நைட்' என்ற பெயரில் டேவிட் லெட்டர்மன் குடியேறினார் என்றால், அதைக் கார்சனின் கம்பெனியும் சேர்ந்துதான் தயாரித்தது.

கார்சனைப் பெரிய மனிதர் என்றே எல்லாரும் எழுதுகிறார்கள். எனக்குச் சிரிப்பு நடிகை ஜோன் ரிவர்ஸ் விஷயம் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. 1983 முதல் கார்சன் லீவில் போகும்போதெல்லாம் அந்த மேசையில் உட்கார்ந்தவர் ரிவர்ஸ். 1986இல் புதிதாகத் தொடங்கிய ஃபாக்ஸ் நெட்வொர்க் அவருக்கென்றே ஒரு இரவு நிகழ்ச்சியைக் கொடுத்தது. விஷயத்தைச் சொல்லத் தான் போன் செய்தபோது கார்சன் போனை வைத்துவிட்டார் என்று ரிவர்ஸ் சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பிறகு சாகும்வரை கார்சன் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நிகழ்ச்சி ரிவர்ஸுக்கு ஒரு வருடம்கூட நிலைக்கவில்லை. டுநைட் ஷோவின் வாசல் அவருக்கு மறுபடி திறந்தது 2014இல். அந்த வருடமே அவர் இறந்தும் போனார். குத்தகைக்காரர் பக்கத்தில் சொந்தமாக நிலம் வாங்கினால் பண்ணையாருக்கு வரும் கோபம்தான் இது. வேறு பெயர் வைக்கத் தோன்றவில்லை.

சரி, 1991க்கு வருவோம். அந்த மே மாதம் நியூயார்க்கில் கார்னகி ஹாலில் என்பிசி நடத்திய ஒரு விழாவில், யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாமல், இன்னும் ஒரு வருடத்தில் விலகுகிறேன் என்று கார்சன் மேடையிலேயே அறிவித்துவிட்டார். ஒன்பது வருடமாக அடுத்த அறையில் காத்திருந்தவர் லெட்டர்மன். கார்சனை வைத்தே தொழில் கற்றவர், அந்த மேசையைத் தவிர வாழ்க்கையில் வேறெதையும் கேட்காதவர். ஆனால் 1987 முதல் கார்சனுக்குப் பதிலாக உட்கார்ந்துகொண்டிருந்தவர் ஜே லெனோ. ஊர் ஊராகப் போய் உள்ளூர் நிலையத்துக்காரர்களின் கையைக் குலுக்கி, அவர்களுக்கு இலவசமாக விளம்பரம் பேசிக் கொடுத்தவர். லெட்டர்மன், தனக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனியைத் தன் நிகழ்ச்சியிலேயே கிண்டலடித்தவர். என்பிசி யாரைத் தேர்ந்தெடுத்திருக்கும் என்று பத்திர ஆபீசில் ஒரு நாள் உட்கார்ந்தவனுக்குக்கூடத் தெரியும்.

லெனோவின் முதல் நாள், 1992 மே 25. முப்பது வருடம் அங்கே இருந்தவரின் பெயரை அன்று அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அவருடைய மேனேஜரும் நிகழ்ச்சியின் தயாரிப்பாளருமான ஹெலன் குஷ்னிக் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டார் என்பது லெனோ பிற்பாடு சொன்ன காரணம். அந்த அம்மாவை செப்டம்பரிலேயே என்பிசி வெளியே அனுப்பியது. ஆனால் புதுமனை புகுவிழாவில் வீட்டைக் கட்டியவரை மறந்த பேர் லெனோவுக்கு ஒட்டிக்கொண்டது. கார்சன் கடைசிவரை லெனோவின் நிகழ்ச்சிக்குப் போகவே இல்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த காட்சி. சிபிஎஸ் லெட்டர்மனுக்கு 11:30 நேரத்தையும் வருடத்துக்கு சுமார் 1.4 கோடி டாலரையும் நீட்டியதும் என்பிசிக்குக் கை உதறல் எடுத்தது. லெனோவைக் கழற்றிவிட்டு லெட்டர்மனுக்கே கொடுத்துவிடலாமா என்று அதிகாரிகள் ஒரு கான்ஃபரன்ஸ் காலில் கூடிப் பேசினார்கள். நாட்டின் பெரிய சிரிப்புக்காரரான லெனோ, அந்தக் கட்டடத்திலேயே ஒரு சின்ன அறைக்குள் ஒளிந்து, இருட்டில் ஒட்டுக்கேட்டு, யார் தன் பக்கம், யார் எதிர்ப்பக்கம் என்று குறிப்பெடுத்துக்கொண்டார். நியூயார்க் டைம்ஸ் நிருபர் பில் கார்ட்டர் இதை வெளியே கொண்டுவந்தார்; லெனோவும் மறுக்கவில்லை. எனக்கு இதில் அவர்மேல் வெறுப்பு வருவதில்லை. நாற்பது வயதைத் தாண்டிய சமயத்தில், தன் வீட்டைப் பற்றித் தன்னைக் கூப்பிடாமல் நடக்கும் பஞ்சாயத்தைக் கேட்கக் கதவிடுக்கில் நிற்கும் ஒரு மனிதர். எங்கள் தெருவில் இப்படி நின்றவர்கள் உண்டு.

கடைசியில் என்பிசி லெட்டர்மனுக்கு ஒன்றைச் சொன்னது: டுநைட் ஷோ உனக்குத்தான், ஆனால் லெனோவின் ஒப்பந்தம் முடியும் 1994 வரை பொறு. லெட்டர்மன் கார்சனுக்குப் போன் போட்டார். நானாக இருந்தால் வெளியே போயிருப்பேன் என்கிற பொருளில் கார்சன் சொன்னார். 1993 ஜனவரியில் லெட்டர்மன் சிபிஎஸ்ஸுக்குப் போவதாக அறிவித்தார். சிபிஎஸ் அவருக்காக பிராட்வேயில் எட் சல்லிவன் தியேட்டரையே விலைக்கு வாங்கியது.

பங்காளிகள் பிரிந்தால் பாத்திரம் பண்டம் தகராறு வராமல் இருக்குமா? லெட்டர்மன் தினமும் படிக்கும் டாப் டென் பட்டியல் முதற்கொண்டு எல்லாம் எங்கள் அறிவுச்சொத்து என்றது என்பிசி. 'லேட் நைட்', 'லேட் ஷோ' ஆனது. வாத்தியக் குழுவின் பெயர் மாறியது. லாரி 'பட்' மெல்மன் என்ற பெயரில் வந்துகொண்டிருந்த குண்டுக் கண்ணாடிக் கிழவர், புது வீட்டில் தன் சொந்தப் பெயரான கால்வர்ட் டிஃபாரஸ்ட் என்ற பெயரில் வந்தார். 1993 ஆகஸ்ட் 30, முதல் நாள். லெட்டர்மன் மோனோலாக் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என்பிசியின் செய்தி வாசிப்பாளர் டாம் புரோகா மேடைக்கு நடந்து வந்தார். கை குலுக்கினார். இந்தக் கடைசி இரண்டு ஜோக்குகளும் என்பிசியின் அறிவுச்சொத்து என்று சொல்லி, எழுதிய அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அறிவு, சொத்து என்ற இரண்டு சொல்லையும் என்பிசியோடு சேர்த்துக் கேட்பேன் என்று நினைக்கவே இல்லை என்றார் லெட்டர்மன்.

முதல் இரண்டு வருடம் லெட்டர்மன்தான் முன்னால். பிறகு 1995 ஜூலையில், ஒரு பாலியல் தொழிலாளியோடு காரில் போலீசிடம் சிக்கிய நடிகர் ஹியூ கிராண்ட், ஏற்கனவே ஒத்துக்கொண்ட தேதியில் லெனோ முன்னால் வந்து உட்கார்ந்தார். என்ன நினைத்துக்கொண்டு இப்படிச் செய்தாய் என்று லெனோ நேராகக் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் சக்கரம் திரும்பியது. அதற்குப் பிறகு பல வருடம் லெனோதான் முதலிடம். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் என்பிசியின் தேர்வு தப்பே இல்லை. லெட்டர்மன் ரசிகர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். நானும் லெட்டர்மன் ரசிகன்தான்.

லெட்டர்மன் காலிசெய்த 12:35 வீட்டுக்கு, எழுத்தாளர் அறைக்கு வெளியே அதிகம் யாருக்கும் தெரியாத, ஆறடி நாலங்குல உயரமும் சிவப்பு முடியும் கொண்ட ஒரு முப்பது வயதுக்காரர் வந்தார். கோனன். பதினாறு வருடம் அங்கே இருந்தார்.

2004 செப்டம்பரில் என்பிசி ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. கோனன் வேறு நெட்வொர்க்குக்குப் போய்விடக்கூடாது. 1991இல் நடந்த அசிங்கம் மறுபடி நடக்கக்கூடாது. ஆகவே ஐந்து வருடம் கழித்து, 2009இல், லெனோ எழுந்துகொள்வார், கோனன் உட்காருவார். முதலிடத்தில் இருக்கும் ஆளிடம், ஐந்து வருடத்தில் நீ ரிடையர் ஆகிறாய் என்று தேதி குறித்துச் சொல்லியிருக்கிறார்கள். லெனோ சிரித்த முகத்தோடு சரி என்றார். டிவி சம்பளத்தில் ஒரு காசைத் தொட்டதில்லை, ஸ்டாண்டப் வருமானத்தில்தான் சாப்பிடுகிறேன் என்று அடிக்கடி சொல்லிக்கொள்பவர் அவர். அப்படியென்றால் எதற்காக அந்த நேரம் வேண்டும் என்று யாராவது கேட்டிருக்கலாம்.

ஐந்து வருடம் ஓடியது. 2009 வந்தபோதும் லெனோதான் முதலிடம். அவர் போட்டி நெட்வொர்க்கான ஏபிசிக்குப் போய் அதே 11:35இல் எதிரே உட்கார்ந்துவிட்டால்? என்பிசி ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. கோனனுக்கு வாக்குக் கொடுத்தபடி டுநைட் ஷோ. லெனோவுக்குத் தினமும் இரவு பத்து மணிக்கு ஒரு நிகழ்ச்சி. பத்து மணி என்பது அதுவரை போலீஸ் கதை, ஆஸ்பத்திரிக் கதை என்று காசு கொட்டி எடுக்கும் நாடகங்களின் நேரம். ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு ஓர் ஆளைப் பேசவிட்டால் செலவு மிச்சம் என்று கணக்குப் போட்டார்கள். பாஸ்டனில் இருந்த நிலையம் ஆரம்பத்திலேயே, இதை நாங்கள் போடமாட்டோம், அந்த நேரத்தில் செய்தி போட்டுக்கொள்கிறோம் என்று முரண்டு பிடித்தது. என்பிசி மிரட்டியதும் அடங்கியது. பிறகு நடந்ததைப் பார்த்தால் அந்த நிலையத்துக்காரருக்குத்தான் மூளை இருந்தது.

செப்டம்பர் 14 அன்று லெனோவின் பத்து மணி நிகழ்ச்சி தொடங்கியது. நாங்களும் பார்த்தோம். அதாவது, என் ரூம்மேட் மதுரைக்காரன் பார்த்தான், பத்து நிமிடத்தில் லேப்டாப்பைத் திறந்துவிட்டான். நாடெங்கும் அதே கதை. பத்து மணிக்கு ஆள் குறைந்தால் பதினொரு மணிச் செய்திக்கு ஆள் குறையும். செய்திக்குக் குறைந்தால் 11:35க்கும் குறையும். மேல்மடையில் தண்ணீர் இல்லாமல் கடைமடைக்கு எங்கே வரும்? கோனன் லெட்டர்மனிடம் பின்தங்கினார். உள்ளூர் நிலையங்கள் என்பிசியின் சட்டையைப் பிடித்தன: எங்கள் செய்திக் காசு போகிறது, லெனோவைப் பத்து மணியிலிருந்து எடு.

2010 ஜனவரி 7ஆம் தேதி செய்தி கசிந்தது. என்பிசியின் புதுத் திட்டம்: லெனோவுக்கு 11:35இல் அரை மணி நேரம். கோனனின் டுநைட் ஷோ 12:05க்கு. எல்லாருக்கும் இடம் உண்டு, யாருக்கும் நஷ்டமில்லை என்பதுபோல் சொன்னார்கள்.

12ஆம் தேதி கோனன் ஓர் அறிக்கை விட்டார். 'பூமியின் மக்களே' என்று தொடங்கும். நள்ளிரவு தாண்டி, அடுத்த நாளுக்குள் போய்விட்ட ஒரு நிகழ்ச்சி டுநைட் ஷோவே அல்ல, உலகத்திலேயே பெரிய நிகழ்ச்சி என்று நான் நம்புகிற ஒன்றை அழிக்க நான் உடந்தையாக இருக்கமாட்டேன் என்பது அதன் சாரம். பெயரிலேயே 'இன்றிரவு' என்று இருக்கிறது. 12:05க்குத் தேதி மாறிவிடும்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் கட்சி கட்டினோம். நான்கு பேரும் கோனன் கட்சி. பல்கலைக்கழகத்தில் பையன்கள் ஆரஞ்சு முடியோடு கோனன் நிற்கும் போஸ்டரை ஃபேஸ்புக் படமாக வைத்துக்கொண்டார்கள். ஏபிசியில் இருந்த ஜிம்மி கிம்மல் லெனோ மாதிரி நரைத்த விக், ஒட்டுத் தாடை எல்லாம் வைத்து ஒரு முழு நிகழ்ச்சியையே நடத்தினார். இரண்டு நாள் கழித்து லெனோ அவரையே தன் நிகழ்ச்சிக்கு வீடியோவில் அழைத்து, நீ செய்ததிலேயே நல்ல குறும்பு எது என்று கேட்டார். ஐந்து வருடம் கழித்து என் நிகழ்ச்சியை உனக்குத் தருகிறேன் என்று ஒருத்தனிடம் சொன்னேன், தந்தேன், உடனே பிடுங்கிக்கொண்டேன் என்றார் கிம்மல். லெனோவின் சிரிப்பு அப்படியே உறைந்தது. எங்கள் கன்வெர்ட்டர் பெட்டிதான் நின்றுவிட்டதோ என்று நான் எழுந்துபோய் ஆண்டெனாவைத் தொட்டேன்.

சனிக்கிழமை ராத்திரி அப்பாவுக்குப் போன். எங்களுக்கு இரவு பத்து, அவருக்கு ஞாயிறு காலை எட்டரை. கார்டில் நிமிடம் மிச்சம் இருந்தது, பேச விஷயம் தீர்ந்துவிட்டது. அதனால் இந்தக் கதையைச் சொன்னேன். அப்பா எதையும் அவசரப்பட்டுக் கேட்கமாட்டார். கார்சன், லெட்டர்மன், லெனோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"அந்தச் செவலை முடிக்காரன் கையெழுத்துப் போட்ட பத்திரத்துல மணி எழுதியிருக்கா தம்பி?"

அன்றைக்குத்தான் நான் அதைப் படித்திருந்தேன். கோனனின் ஒப்பந்தத்தில் டுநைட் ஷோ அவருக்கு என்று இருந்ததாம். எத்தனை மணிக்கு என்று இல்லையாம். லெனோவும் லெட்டர்மனும் தங்கள் ஒப்பந்தத்தில் நேரத்தை எழுதி வாங்கியிருந்தார்கள் என்று செய்தி.

"இல்லப்பா. பேரு மட்டும்தான் இருக்காம்."

"செக்குபந்தி இல்லாம எவன் அதுல கையெழுத்துப் போடச் சொன்னது?"

பத்திரம் பார்த்திராதவர்களுக்குச் சொல்லவேண்டும். நம் ஊர்க் கிரயப் பத்திரத்தில் சர்வே எண், பரப்பு எல்லாம் எழுதியபிறகு செக்குபந்தி என்று ஒன்று வரும். கிழக்கே இன்னாருடைய நஞ்சை, மேற்கே வண்டிப்பாதை, வடக்கே வாய்க்கால், தெற்கே இன்னாருடைய வீடு. நான்கு பக்கமும் எல்லை. அது இல்லாவிட்டால் ஒரு ஏக்கர் வாங்கினேன் என்று சொல்லலாம், எந்த ஏக்கர் என்று சொல்ல முடியாது. அப்பா தன் மேசையில் இதைத்தான் மணிக்கணக்காகச் சரிபார்ப்பார். கோனன் பக்கம் பெரிய பெரிய வக்கீல்கள் இருந்திருப்பார்கள். டுநைட் ஷோ என்றால் 11:35தான், அதற்குமேல் எதை எழுதுவது என்று நினைத்திருப்பார்கள். அரை நூற்றாண்டுப் பழக்கத்தைவிட வலுவான எல்லைக்கல் உண்டா என்று எனக்கும்தான் தோன்றும்.

"அனுபவத்துல இருக்குன்னு விட்டிருப்பாங்க," என்றார் அப்பா. "வித்தவன் ஊரைவிட்டுப் போகலைன்னா வாங்கினவனுக்கு நிம்மதி கிடையாது. அதுலயும் இவன் பக்கத்துத் திண்ணையிலேயே இருக்கான்."

லெனோமேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்குக் கொஞ்சம் இடம் மாறியது. லெனோ செய்தது அழகில்லை. கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்துகொண்டார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரே மனையை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தது அவரில்லை. இரண்டு பேரிடமும் சிரித்துப் பேசி, இரண்டு பேரும் எதிர்வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வதையே நிர்வாகம் என்று நினைத்த என்பிசி. நாங்கள் சண்டையைக் கோனனுக்கும் லெனோவுக்கும் நடுவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1993இலும் லெட்டர்மனுக்கும் லெனோவுக்கும் நடுவில்தான் பார்த்தார்கள். விற்றவர் எப்போதும் புகைப்படத்துக்கு வெளியே நின்றுகொண்டார்.

மிச்சம் சீக்கிரம் முடிந்தது. ஜனவரி 21, ஒப்பந்தம்: மொத்தம் சுமார் 4.5 கோடி டாலர், அதில் 3.2 கோடிக்கு மேல் கோனனுக்கு, சுமார் 1.2 கோடி அவருடைய ஊழியர்களுக்கு. செப்டம்பர் வரை டிவியில் தோன்றக்கூடாது என்று ஒரு நிபந்தனை. எங்கள் பாஷையில் இது விடுதலைப் பத்திரம்: இனி இந்தச் சொத்தில் எனக்கு எந்த பாத்தியதையும் இல்லை.

கடைசி வாரத்தில் என்பிசியின் காசைக் கரைக்கிறேன் என்று கோனன் ஒரு விளையாட்டு காட்டினார். ஒரு புகாட்டி வேரான் காருக்கு எலி வேஷம் போட்டு மேடைக்குக் கொண்டுவந்து, பின்னால் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டு ஒன்றை அசல் குரலிலேயே ஓடவிட்டு, இதற்கு மட்டும் 15 லட்சம் டாலர் செலவு என்றார். கார் மியூசியத்தில் இரவல் வாங்கியது என்று பிறகு தெரிந்தது. எலிக்குக் காதும் மீசையும் இருந்தன. நாங்கள் நான்கு பேரும் ஜன்னலோரம் நின்றபடி தட்டில் சோற்றோடு சிரித்தோம்.

22ஆம் தேதி வெள்ளிக்கிழமை, கடைசி நாள். டுநைட் ஷோவில் அவர் இருந்தது ஏழு மாதம். அன்று யாரையும் திட்டவில்லை. இருபது வருடம் சோறு போட்ட என்பிசிக்கு நன்றி சொன்னார். இளைஞர்களைப் பார்த்து, எதன்மேலும் நம்பிக்கையற்று எள்ளி நகையாடும் குணம் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டபோது குரல் கம்மியது. அதே சமயம் படம் சதுரமாக உடைந்தது. மதுரைக்காரன் ஆண்டெனாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பாத்திரம் கழுவும் தொட்டிமேல் ஏறி நின்றான். மிச்சப் பேச்சை அப்படித்தான் கேட்டோம்.

மார்ச் 1ஆம் தேதி லெனோ 11:35க்குத் திரும்பினார். 2014இல் அவரையும், முதலிடத்தில் இருக்கும்போதே, என்பிசி இரண்டாவது முறையாக எழுப்பியது. ஜிம்மி ஃபாலன் வந்தார். கோனன் கேபிளுக்குப் போய்ப் பத்து வருடத்துக்கு மேல் நடத்தி, இப்போது பாட்காஸ்டில் சுகமாக இருக்கிறார். அதற்குச் செக்குபந்தியும் தேவையில்லை, மணியும் தேவையில்லை. நான் பாத்திரம் கழுவும்போது கேட்கிறேன். 2025 ஜூலையில் சிபிஎஸ், லெட்டர்மன் தொடங்கிய அந்த லேட் ஷோவையே 2026 மே மாதத்தோடு மூடுவதாக அறிவித்தது. அப்போது அதை நடத்திய ஸ்டீபன் கோல்பேர் தன் நேரத்தில் முதலிடம். காரணம் பணம் மட்டும்தான் என்றது கம்பெனி. அதற்குச் சில நாள் முன்னால்தான், டிரம்ப்போடு தாய்க் கம்பெனி செய்துகொண்ட சமரசத்தைக் கோல்பேர் லஞ்சம் என்று மேடையிலேயே சொல்லியிருந்தார். எதை நம்புவது என்பது அவரவர் இஷ்டம். எப்படியிருந்தாலும், இன்னொரு ஆளை அங்கே உட்காரவைக்கவில்லை. நாற்காலிக்கு மூன்று பேர் அடித்துக்கொண்ட இடத்தில், நாற்காலியே வேண்டாம் என்று முடிவாகிவிட்டது.

இதையெல்லாம் எழுதும்போது எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருவது கோனனும் இல்லை, லெனோவும் இல்லை. 1994 மே 13. லெட்டர்மன் ஒரு வாரம் லாஸ் ஏஞ்சலஸில் நிகழ்ச்சி நடத்துகிறார். அன்றைய டாப் டென் அட்டையை ஜானி கார்சன் கொண்டுவருவார் என்று சொல்கிறார். முதலில் அந்தக் குண்டுக் கண்ணாடிக் கிழவர் வருகிறார், அரங்கம் சிரிக்கிறது. பிறகு நிஜமாகவே கார்சன் வருகிறார். கூட்டம் எழுந்து நின்று கை தட்டுகிறது, நிறுத்தவே இல்லை. கார்சன் மெல்ல நடந்துபோய் லெட்டர்மனின் மேசைக்குப் பின்னால், லெட்டர்மனின் நாற்காலியில் உட்காருகிறார். ஏதோ பேசப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து, கை குலுக்கிவிட்டுப் போய்விடுகிறார். தொண்டை கட்டியிருந்தது என்று பிறகு காரணம் சொன்னார். அதன்பிறகு அவர் டிவியில் தோன்றவே இல்லை.

2005 ஜனவரி 23 அன்று கார்சன் இறந்தார். அந்த மாதம்தான், இருவரிடமும் தயாரிப்பாளராக இருந்த பீட்டர் லசாலி ஒரு விஷயத்தை வெளியே சொல்லியிருந்தார்: ரிடையர் ஆனபிறகும் கார்சன் காலையில் பேப்பரைப் படித்துவிட்டு ஜோக் எழுதிக்கொண்டுதான் இருந்தார், அவ்வப்போது லெட்டர்மனுக்கு அனுப்பினார், லெட்டர்மன் தன் மோனோலாக்கில் அவற்றைச் சொல்லும்போது உட்கார்ந்து ரசித்தார். ஜனவரி 31 அன்று லெட்டர்மன் மறுபடி மேடைக்கு வந்தார். தொடக்கத்தில் அஞ்சலி, கண்ணீர் எதுவும் இல்லை. வழக்கம்போல நின்று மோனோலாக் சொன்னார், கூட்டம் வழக்கம்போலச் சிரித்தது. பிறகு லசாலி விருந்தினராக வந்து உட்கார்ந்ததும்தான் சொன்னார்: இன்றைக்கு நான் சொன்ன அத்தனை ஜோக்கும் ஜானி எழுதியது.